நேர முகாமைத்துவம் கற்பிக்க வந்தவர்களுக்கு

கிளிநொச்சியில் ஒரு மண்டபம். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கான ஒரு நாள் செயலமர்வு. தலைப்பு, 'வகுப்பறையில் வினைத்திறனான நேர முகாமைத்துவம்'. அழைப்புக் கடிதத்தில் காலை 8.30 என்றிருந்தது. பிரதம விருந்தினர் வந்து மங்கல விளக்கை ஏற்றியபோது என் கைக்கடிகாரத்தில் 9.50. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, வாழ்த்துரைகள் எல்லாம் ஒருவாறு ஓய்ந்து, நேரத்தைப் பற்றிய முதலாவது வசனம் ஒலிபெருக்கியில் கேட்டபோது மணி 10.45.

நடத்தியவர்கள் யார் என்று எழுதப் போவதில்லை. யார் நடத்தியிருந்தாலும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்திருக்கும் என்பதை, இந்த மண்ணில் நாற்பது ஆண்டுகளாகக் கூட்டங்களுக்குப் போய்ச் செய்தி எழுதியவன் என்ற வகையில் என்னால் சொல்ல முடியும். என்னை உறுத்தியது தாமதம் அன்று. அன்று செவ்வாய்க்கிழமை; பாடசாலை நாள். மண்டபத்தில் அமர்ந்திருந்த ஒவ்வோர் ஆசிரியையும் ஒரு வகுப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். நேரத்தை எப்படி வீணாக்காமல் இருப்பது என்று கேட்பதற்காக நாற்பதுக்கு மேற்பட்ட வகுப்புகளின் ஒரு முழு நாள் வீணாகிக் கொண்டிருந்தது.

என் பக்கத்து நாற்காலியில் இருந்த இளம் ஆசிரியை தேநீர் இடைவேளையில் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நேரத்தை எப்பிடிப் பாவிக்கிறதெண்டு சொல்லித் தருகினம். பாவிக்கிறதுக்கு அந்த நேரத்தை எங்களிட்டை ஆர் தந்தவை? ஒண்டு, ரண்டு, மூண்டு எண்டு மூண்டு வகுப்பும் எனக்குத்தான். ஒருநாள் வந்து இருந்து பாருங்கோவன்."

போய் இருந்து பார்த்தேன். இந்தப் பதிவு அதன் விளைவு.

இன்னுமொன்று. 2025 ஆம் ஆண்டில் ஒரு பாடவேளையை 50 நிமிடமாக்கி, பாடசாலையைப் பிற்பகல் 2 மணி வரை நீட்டும் யோசனையைக் கல்வி அமைச்சு அறிவித்தபோது நாடு முழுவதும் எழுந்த வாதப் பிரதிவாதங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. நவம்பரில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டதன் பின்னர், 2026 இல் பழைய நேரமே தொடரும் என்றாயிற்று. பாடசாலை விடும் நேரத்தில் ஓர் அரை மணித்தியாலத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அத்தனை பேர் சண்டை பிடித்தார்கள். இருக்கின்ற ஆறு மணித்தியாலங்களில் எத்தனை மணித்தியாலம் பிள்ளையிடம் போய்ச் சேருகிறது என்று ஒருவரும் கேட்டதாக நான் காணவில்லை.

அந்தப் பாடசாலை, மாங்குளத்தில் இருந்து மல்லாவிக்குப் போகும் வீதியை விட்டு விலகி, கிரவல் பாதையில் நெடுந்தூரம் உள்ளே போனால் வரும். பெயர் வேண்டாம், எழுதினால் அந்த ஆசிரியைக்குத்தான் கடிதம் வரும். தரம் 1 முதல் 5 வரை, எல்லாமாக நாற்பத்தைந்து பிள்ளைகளுக்குக் குறைவு. அதிபர் தரம் 5 ஐ எடுக்கிறார். ஓர் ஆசிரியை பிரசவ விடுமுறையில். பதிலுக்கு எவரும் இல்லை. தரம் 4 இற்கு ஒருவர். மிகுதி மூன்று தரங்களும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆசிரியையின் கையில். பல்தரக் கற்பித்தல் என்று கல்வியியலில் இதற்குப் பெயர். சுவரின் ஒரு பக்கத்தில் தரம் 1, மறுபக்கம் தரம் 2, வாசலோரம் தரம் 3.

பின்வரிசையில் ஒரு சின்னக் கதிரையில், முழங்கால் நாடியில் முட்ட, குறிப்புப் புத்தகத்தோடு இருந்தேன். செய்தியாளனின் பழக்கம், மணியைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

காலைப் பிரார்த்தனையும் அறிவித்தலும் முடிய 7.55. மூன்று தரங்களுக்கும் மூன்று வரவு இடாப்பு. அதன் பிறகு சமையலுக்கு வந்த தாய்மாருக்கு அன்றைய பிள்ளைகளின் தொகை. அதற்கு ஒரு தனிப் பதிவேடு. 8.15 இற்கு அவர் தரம் 1 இன் பக்கம் திரும்பி 'ப' என்ற எழுத்தை மணலில் எழுத வைத்தார். அழகாகச் செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்: ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து, பட்டம், பல்லி, பந்து என்று சொல்ல வைத்து. அந்தப் பத்து நிமிடம் தரம் 2 கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக் கொண்டிருந்தது. தரம் 3 முதலில் எழுதியது, பிறகு அழிறப்பருக்குச் சண்டை பிடித்தது. 8.27 இற்கு அவர் அங்கே போனார். மணலில் எழுதிய 'ப' வை ஒரு பெடியன் காலால் அழித்து வீடு கட்டத் தொடங்கினான்.

9 மணி கடந்து தொலைபேசி. பாதணி வவுச்சர் பெற வேண்டிய பிள்ளைகளின் விபரம் 10 மணிக்கு முன்னர் வேண்டுமாம். அதிபர் வகுப்பில் இருந்ததால் பட்டியல் தயாரித்ததும் இவர்தான். 'ஏற்கெனவே போன மாதம் அனுப்பினதுதான் ஐயா' என்றார், தலையை நிமிர்த்தாமல். சாப்பாட்டு நேரம் நேரசூசியில் இருபது நிமிடம். தண்ணீர்க் குழாய் ஒன்று, கை நாற்பது சோடி. அது நாற்பத்தைந்து நிமிடம் எடுத்தது. வாரம் முழுவதும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சி என்பதால் 11 மணிக்குத் தரம் 3 மைதானத்துக்குப் போனது. சோறு கொடுப்பதை நேர விரயம் என்று நான் எழுதுவதாக எவரும் திரிக்க வேண்டாம். அந்தச் சோற்றுக்காகவே வருகின்ற பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். இரண்டு குழாய் போட்டால் இருபத்தைந்து நிமிடம் மிஞ்சும் என்றுதான் எழுதுகிறேன்.

பாடசாலை விட்ட பின்னர் கூட்டிப் பார்த்தேன். தரம் 1 பிள்ளைகளை நோக்கி ஆசிரியை திரும்பியிருந்த நேரம், துண்டு துண்டாக, 52 நிமிடம். ஒரு பாடசாலை, ஒரு நாள், ஒரு கிழவனின் கைக்கடிகாரம்; இதைப் புள்ளிவிபரம் என்று தூக்கிக் கொண்டு போகாதீர்கள். ஆனால் அன்று முழுவதும் அவர் சும்மா இருந்த ஒரு நிமிடத்தையும் நான் காணவில்லை. அவருக்கு நேர முகாமைத்துவம் கற்பிக்க என்ன இருக்கிறது?

உலகத்தில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். லத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகள் ஏழில் 15,000 வகுப்பறைகள் வரை அவதானித்து உலக வங்கி 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நல்ல வகுப்பறையில் பாடநேரத்தின் 85 சதவீதம் கற்பித்தலுக்குச் செல்ல வேண்டும் என்பது அவர்களின் அளவுகோல்; அந்த ஏழில் எந்த நாடும் 65 ஐத் தாண்டவில்லை. வாரத்துக்கு ஒரு முழு நாளைத் தொலைப்பதற்குச் சமம் அது என்று எழுதினார்கள். ஆனால் அந்த அளவீடு ஆசிரியர் வகுப்பறையில் என்ன செய்கிறார் என்பதைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. வன்னிக்கு இன்னொரு கேள்வி தேவை: வகுப்பறைக்கு வெளியில் இருந்து யார் யார் உள்ளே கை நீட்டி அந்த நேரத்தை எடுக்கிறார்கள்?

பணிமனை எடுக்கிறது, விபரம், மீண்டும் விபரம், படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பு என்று. அரசியல்வாதி எடுக்கிறார், அவருடைய வாகனம் வரும்வரை பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். இப்போது வெளிநாட்டில் இருந்து இதை வாசித்துக் கொண்டிருக்கும் அன்பர்களே, கோபிக்க வேண்டாம், நீங்களும் எடுக்கிறீர்கள். புத்தகப் பை கொடுப்பது நல்ல காரியம். அதை ஒரு பாடசாலை நாளில், பதாகை கட்டி, எழுபது பைகளையும் எழுபது தடவை படம் பிடித்துக் கொடுப்பதால் அந்தப் பிள்ளைகள் இழப்பது ஒரு காலைப் பொழுது. பையை அதிபரிடம் கொடுத்துவிட்டுப் போனால் பை குறைந்தா விடும்?

இவை எல்லாவற்றிலும் பெரிய கை ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் பெற்றோரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை.

1997 இன் கல்விச் சீர்திருத்தத்தில் ஆரம்பக் கல்வியைத் திட்டமிட்டவர்கள் நேரத்தைப் பற்றி நன்றாகவே யோசித்திருந்தார்கள். 1999 இல் தரம் 1 இல் தொடங்கிய அந்தப் பாடத்திட்டம், தரம் 1, 2 ஐ முதலாம் முதன்மை நிலை என்றும், 3, 4 ஐ இரண்டாவது என்றும், 5 ஐ மூன்றாவது என்றும் பிரித்தது. விளையாட்டு, செயற்பாடு, இருந்து எழுதும் வேலை என்று மூன்று வழிகள். சிறிய வகுப்பில் விளையாட்டு கூட, மேலே போகப்போக எழுத்து கூட. பாடங்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரே ஆசிரியை, ஒரே வகுப்பு. மணி அடித்ததும் கணிதத்தை மூடிவிட்டுச் சுற்றாடலைத் திறக்க வேண்டியதில்லை. பிள்ளை ஒன்றில் ஆழ்ந்திருந்தால் இன்னும் கால் மணித்தியாலம் விடலாம்; சோர்ந்து போனால் பாட்டுக்குப் போகலாம். நேரத்தின் எசமானி ஆசிரியைதான் என்பது அந்த ஏற்பாடு.

நடைமுறையில் நேரத்தின் எசமான் தரம் 5 வினாத்தாள். அதிபர் எவராக இருந்தாலும் தன் கையில் உள்ள சிறந்த ஆசிரியரைத் தரம் 5 இற்குப் போடுகிறார். போடாவிட்டால் பெற்றோர் விடமாட்டார்கள். தரம் 1 இற்கு, புதிதாக வந்தவர், அல்லது இடமாற்றத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர், அல்லது எவருமே இல்லை. தரம் 5 பிள்ளைக்குக் காலை விசேட வகுப்பு, பிற்பகல் விசேட வகுப்பு, சனிக்கிழமை மாதிரி வினாத்தாள். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம் மதிலில் ஏறுகிறது. தரம் 2 இல் வாசிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளையின் படத்தை எந்த மதிலிலாவது கண்டிருக்கிறீர்களா? நான் கண்டதில்லை. நேரம் சின்னவர்களிடம் இருந்து எடுக்கப்பட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அப்படியும் அங்கே அந்த அதிபர் என்னிடம் சொன்ன குறை, தரம் 5 இற்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு வினாவை வாசிக்கத் தெரியவில்லை என்பதுதான். எப்படித் தெரியும், ஐயா? தரம் 1 இல் அவர்களுக்கு 52 நிமிடம்தானே கிடைத்தது.

கொழும்பிலோ யாழ்ப்பாண நகரத்திலோ பாடசாலையில் தொலைந்த நிமிடத்தை மாலையில் காசு கொடுத்து வாங்கலாம். தனியார் வகுப்பு இருக்கிறது, வீட்டில் படித்த தாய் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது. முத்தையன்கட்டிலோ முழங்காவிலிலோ கூலி வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாயிடம் அதை எப்படி வாங்குவது? அந்தப் பிள்ளைக்கு எழுத்தோடு உள்ள உறவு முழுவதும் 7.30 இற்கும் 1.30 இற்கும் இடையில்தான். அதிலே கை வைப்பவர் அந்தப் பிள்ளையின் முழுக் கையிருப்பிலும் கை வைக்கிறார்.

வன்னி ஆசிரியர்களுக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று எவராவது சொன்னால் எனக்குப் பழைய காட்சிகள் நினைவுக்கு வரும். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் வெறிச்சோடிப் போன பிறகு, உள்ளே மரங்களின் கீழும் கிடுகுக் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்ததைப் பார்த்து எழுதியவன் நான். காலையில் ஊர்ப் பாடசாலை, பிற்பகலில் அதே கொட்டிலில் இடம்பெயர்ந்து வந்த பாடசாலை. பாதி நாள்தான் கையில். அதிலும் வானத்தில் சத்தம் கேட்டால் பதுங்குகுழி. கொப்பி இல்லை, எரிபொருள் இல்லை, பல இடங்களில் நியமனம் பெற்ற ஆசிரியரும் இல்லை. சொற்பக் கொடுப்பனவுக்குத் தொண்டர் ஆசிரியர்கள் நின்று படிப்பித்தார்கள். போர் முடிந்த பின்னர் அவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதியில் நிற்க வேண்டி வந்தது என்பது தனிக் கதை. நான் இருந்து பார்த்த ஆசிரியை 2009 இல் தரம் 4. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் படித்தவர். அந்த ஆண்டில் தொலைந்த மாதங்களைப் பிறகு எவரும் தனக்குத் திருப்பித் தரவில்லை என்று சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆசிரியர் பக்கம் குற்றமே இல்லை என்று நான் எழுதினால் அது வக்கீல் வேலை. கரும்பலகையில் ஒரு பக்கம் எழுதிப்போட்டு, பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதும்வரை கைத்தொலைபேசியில் இருப்பவர்களையும் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து விடிய முன் புறப்பட்டு அறுபது எழுபது கிலோமீற்றர் தாண்டி வருகிறவர்களில் சிலர் 8 மணிக்குப் பின்னரே வகுப்புக்குள் நுழைகிறார்கள். கடைசிப் பாடவேளையில் அவர்களின் கண் பஸ் வரும் பாதையில். நாளொன்றுக்கு 40 நிமிடம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 200 நாள் என்றால் 133 மணித்தியாலம். இதைச் சொன்னால் தொழிற்சங்க நண்பர்கள் முகம் சுழிப்பார்கள். ஆனால் அவர்களே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: உட்கிராமங்களில் ஓர் ஆசிரியை பாதுகாப்பாகத் தங்குவதற்கு ஒழுங்கான விடுதி எத்தனை இடத்தில் இருக்கிறது? ஓமந்தையில் இருந்து கிளிநொச்சிக்கு ரயில் பாதை 2013 இலும், யாழ்ப்பாணத்துக்கு 2014 இலும் திரும்பப் போடப்பட்டது. காலைப் பாடசாலை மணிக்கு ஏற்ற வண்டி வேண்டும் என்று வலயப் பணிமனைகள் சேர்ந்து ஒரு கடிதமாவது எழுதலாம். பாதணிக் கணக்குக்கு எழுதும் வேகத்தில்.

பல்தர வகுப்புக்கு வழி இல்லாமல் இல்லை. ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியினர், சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடம் முழுவதும் சிறு சிறு அட்டைகளாக உடைக்கப்பட்டிருக்கும்; சுவரில் ஏணிப்படி போல ஒரு வரைபடம்; ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துக் கொள்ளும். சில அட்டைக்கு ஆசிரியர் வேண்டும், சிலதுக்குப் பக்கத்துப் பிள்ளை போதும், சிலதைத் தானே செய்யலாம். அதைத் தழுவித்தான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 இல் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. 2007-08 இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் போனது. குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. படி ஏறாத பிள்ளை ஏறாமலே நின்றது. மனமில்லாத இடத்தில் வெறும் சடங்காயிற்று. அதன் வடிவம் பின்னர் மாறியது. கொரோனாவுக்குப் பிறகு 2022 இல் அங்கே வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தார்கள்.

இவற்றை அப்படியே தூக்கி வந்து துணுக்காயில் நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் எண்ணம் வன்னிக்கென்றே செய்தது போன்றது. மாரியில் பாதை வெள்ளத்தில் மூழ்கி ஒரு வாரம் வராத பிள்ளை, யானை நிற்கிறது என்று வழியில் திரும்பிப் போன பிள்ளை, விட்ட படியில் இருந்து தொடரலாம். ஆசிரியை தரம் 1 இன் விரலைப் பிடித்திருக்கும்போது தரம் 3 அழிறப்பருக்குச் சண்டை பிடிக்காது. அதற்குச் செய்ய வேறு வேலை இருக்கும். அந்த ஆசிரியை தன் சொந்தக் காசில், பழைய நாட்காட்டி மட்டைகளில், இப்படிச் சில அட்டைகளை ஏற்கெனவே செய்து வைத்திருந்தார். செயலமர்வில் எவரும் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. அவருடைய வேலை கேட்பது.

புறப்படும்போது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மடிக்கணினி என்பார், கூரை என்பார் என்று நினைத்தேன். இடாப்பும் கணக்கும் எழுதவும், சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கவும் ஊரில் உயர்தரம் படித்துவிட்டு இருக்கிற ஒரு பிள்ளையைக் காலையில் மூன்று மணித்தியாலம் தாருங்கள் என்றார். இரண்டாவது தண்ணீர்க் குழாய். அட்டைகளுக்குப் பொலித்தீன் உறை. 'பிறகு, கூட்டங்களைச் சனிக்கிழமை வைக்கச் சொல்லுங்கோ ஐயா, நான் வருவன்.'

வளைவுக்கும் சிலைக்கும் பெயர்ப்பலகைக்கும் பணம் அனுப்பும் பழைய மாணவர் சங்கங்கள் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் பார்க்கட்டும். பொலித்தீன் உறையில் எவருடைய பெயரையும் பொறிக்க முடியாது என்பது உண்மைதான். வலயப் பணிமனைகளுக்கு என் வேண்டுகோள் செலவே இல்லாதது: ஒரு தவணைக்கு, காலை 7.30 முதல் 10 மணி வரை எந்த ஆரம்பப் பாடசாலையையும் தொலைபேசியில் அழைக்காமல் இருந்து பாருங்கள்.

இதை எழுதி முடிக்கும் வேளையில் அவரிடம் இருந்து ஒரு குறுஞ்செய்தி. செயலமர்வின் இரண்டாம் கட்டத்துக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். வியாழக்கிழமை, காலை 8.30.